பிறையும் மூக்குக்கண்ணாடியும்

தமிழ்த்துறை மலருக்கென்றால் சீறாப்புராணத்தைப் பற்றியோ அரபுத்தமிழ்க் கிஸ்ஸாக்களைப் பற்றியோ ஒரு கட்டுரை எழுதித் தந்துவிடுதல் எம் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கம் மாறிற்று. மூன்றாமாண்டு மாணவர் இருவர் துறை அறைக்கு வந்து, "ஐயா, லேசர் செய்துகொண்டால் கண்ணாடியே வேண்டாமாமே, அதில் பல வகை இருக்கிறதாமே, எது நல்லது?" என்று வினவினர். தமிழாசிரியரிடம் கேட்கும் வினாவன்று இது. ஆயினும் சென்ற ஆண்டு யாம் மகளை அழைத்துக்கொண்டு கண் மருத்துவமனைப் படிகளில் ஏறி இறங்கியது கல்லூரியில் பலருக்கும் தெரியும். எமக்குத் தெரிந்ததை அன்று அவர்களுக்குச் சொன்னோம். எம் வீட்டைச் சார்ந்த ஒரு பகுதியை மட்டும் சொல்லாமல் விட்டோம். அது நெஞ்சில் உறுத்திக்கொண்டிருப்பதால் இரண்டையும் சேர்த்து ஈண்டு எழுதுகின்றோம்.

எமக்குக் கண்குறை உண்டு என்பது தெரியவந்தது ஒரு பிறைநாளில். எம் நன்னி வீடு கோவளத்தில் இருந்தது. அவ்வூருக்குக் கடல் கிழக்கே. பிறை தோன்றுவதோ மேற்கே. ஆகவே ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் சிறுவர் கூட்டம் கடற்கரையை விட்டுவிட்டு ஊரின் மேற்குப் புறத்திலுள்ள உப்பங்கழியை நோக்கி ஓடும். கழிக்கு அப்பால் கேளம்பாக்கம், சிறுசேரிப் பக்கத்துப் பனைகள் வரிசையாக நிற்கும் என்பார்கள். எமக்கு அது ஒரு கரிய பட்டை; அவ்வளவே. "அதோ, அந்த ஒத்தைப் பனைக்கு மேலே!" என்று எல்லாரும் கூவினர். எமக்குப் பனையும் தெரியவில்லை, பிறையும் தெரியவில்லை. ஆயினும் "பார்த்துட்டேன்" என்று யாமும் கூவினோம். வீடு திரும்பியதும் நன்னி எம் தலையைத் தடவி, "நீ கண்ணால பார்த்தியா?" என்று கேட்டார்கள். "ஆமா நன்னி" என்றோம்.

பிறைக்குச் சாட்சி சொல்பவன் பொய் சொல்லலாகாது என்று மதரசாவில் ஹஜ்ரத் ஓதிக்கொடுத்திருந்தது அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை. பெருநாள் காலையில் புதுச்சட்டையோடு அழுதுகொண்டே நன்னியிடம் உண்மையைச் சொன்னோம். நன்னி கோபிக்கவில்லை. அத்தாவை அழைத்து, "மாப்பிள்ளை, பிள்ளைக்குக் கண்ணு சரியாத் தெரியல. எழும்பூருக்கு அழைச்சிட்டுப் போங்க" என்றார்கள். எழும்பூர் என்றால் அரசு கண் மருத்துவமனை. 1819இல் தோன்றிய அது ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனை எனப் போற்றப்படுவது. செங்கற்பட்டுக் கடற்கரை ஊர்களில் கண்ணுக்கு ஏதேனும் என்றால் அந்நாளில் எழும்பூர்தான். அங்கே எழுதித் தந்த கண்ணாடியை அணிந்துகொண்டு, எதிரே வரும் பேருந்தின் எண்ணைப் பிறரைக் கேளாமல் படித்த பெருமிதம் இன்றும் நினைவில் நிற்கிறது. சஜ்தாவில் நழுவி விழும் என்று அதைச் சட்டைப் பையில் வைத்துத் தொழுது, ருகூவில் குனியும்போது அது கீழே விழுந்து உடைந்ததும் நினைவில் உண்டு. கல்லூரி முடிக்கும்போது எம் கண் மைனஸ் மூன்றரையில் வந்து நின்றது.

இன்று யாம் வாழ்வது அந்தக் கழிக்கு மேற்கே, சிறுசேரியில். ஏரியும் வயலுமாக இருந்த ஊர் 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவால் முகம் மாறிற்று. காலையில் நிறுவனப் பேருந்துகளிலிருந்து இறங்கும் இளைஞருள் கண்ணாடி அணிந்தாரை எண்ணுவதினும் அணியாதாரை எண்ணுதல் எளிது. வெயிலில் விளையாடும் நேரம் குறைந்த பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை மிகுதியாக வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பும் மிகுதி. எம் மகளுக்கு இரண்டும் பொருந்தின. இருபத்து நான்கு வயது, அப்பூங்காவில்தான் பணி, கண் மைனஸ் ஆறு.

சென்ற ஆண்டு ஒரு சம்பந்தம் வந்தது. புகைப்படம் கேட்டார்கள். யாம் மகளிடம், "கண்ணாடியைக் கழற்றிட்டு ஒரு படம் எடுத்துக்கம்மா" என்றோம். ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டாள். படம் சென்றது, அவ்வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துச் சென்றனர். இரண்டு நாள் கழித்து இடையில் நின்று பேசியவர் தொலைபேசியில் வந்தார். "பொண்ணு கண்ணாடி போடும்னு நீங்க சொல்லலையே பாய்! பரவாயில்லை, இப்பதான் லேசர் இருக்கே. அதை முடிச்சுட்டா பேச்சையும் முடிச்சுடலாம்" என்றார். அன்று நன்னியிடம் பொய் சொன்ன சிறுவனே, நாற்பத்தெட்டு வயதில் மகளின் முகத்தைக்கொண்டு மற்றொரு பொய் சொல்லிவிட்டான் என்பது அப்போது எமக்கு உறைக்கவில்லை. லேசருக்கு எங்கே போவது என்றுதான் உறைத்தது.

முதலில் சென்றது விளம்பரத்தில் கண்ட ஒரு நிலையம். மேசைமேல் ஓர் அட்டை இருந்தது. அதில் மூன்று முறைகள், மூன்று விலைகள். ஜவுளிக்கடையில் சேலை விரிப்பது போல், "இது பிளேடு, இது பிளேடு இல்லாதது, இது மடலே இல்லாதது" என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே போனார். மாத இறுதிக்குள் செய்தால் சலுகை உண்டு என்றார். கண்ணின் தடிப்பை அளந்தார்கள், 478 என்று வந்தது, போதும் என்றார்கள், எந்தத் தேதி வசதி என்று கேட்டார்கள். யாம் நாட்காட்டியைப் பார்த்தோம். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லவேளையாக ஆசிரியர்க்கே உரிய ஒரு பழக்கம் எம்மிடம் இருந்தது. தேதி கொடுக்கும் முன் படித்துவிடுவோம் என்று தோன்றிற்று. 478 என்பது என்ன?

கண்ணின் முகப்பில் கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல் மூடியிருக்கும் படலம் கார்னியா. பள்ளிப் பாடநூல் அதனை விழிவெண்படலம் என்கிறது. செய்தித்தாள்கள் கருவிழி என்கின்றன. வெண்மையும் இல்லை, கருமையும் இல்லை. அது நிறமற்ற பளிங்கு. கலைச்சொல்லாக்கத்தில் நமக்குள்ள சிக்கலுக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அதன் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிப்புடையது. அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கண்ணின் ஒளி குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படலத்தையே சார்ந்தது. கிட்டப்பார்வையில் கண்கோளம் நீண்டிருப்பதால் ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடுகிறது. கார்னியாவின் நடுவைச் சிறிது தட்டையாக்கினால் குவியம் பின்னே நகர்ந்து திரையில் விழும். எல்லா லேசர் முறைகளும் செய்வது இந்த ஒரு செயலைத்தான். நீண்ட கோளம் நீண்டபடியே இருக்கும். ஆகவே பவர் மிகுந்தவர் லேசருக்குப் பின்னும் விழித்திரையை அவ்வப்போது காட்டிவர வேண்டும். அந்த அட்டையில் இச்செய்தி இல்லை.

பார்வையியல் என்றதும் நம் மேடைகளில் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதமின் பெயர் தவறாமல் ஒலிக்கும். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிதாபுல் மனாழிரில் நிறுவியவர் அவர், பெருமைக்கு உரியவரே. பிம்பம் விழுமிடம் விழித்திரை என்று விளக்கியவர் கெப்லர், 1604இல். பெருமை பேசும்போது இரண்டையும் சொல்லிவிடுவது நல்லது.

லேசரின் கதையில் நாம் அதிகம் பேசாத ஒருவர் இருக்கின்றார். ரங்கசாமி சீனிவாசன் 1929இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1981 நவம்பரில், அந்நாட்டு நன்றி நவிலல் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று அதன்மீது எக்சைமர் லேசரைச் செலுத்திப் பார்த்தார். 193 நானோமீட்டர் அலைநீளமுடைய அந்தப் புறஊதாக் கதிர் தசையைத் துல்லியமாக வெட்டியது. சுற்றிலும் கருகல் இல்லை. சுடுவதன்று, மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்து ஆவியாக்குவது அதன் வேலை. ஒரு துடிப்பு ஏறத்தாழக் கால் மைக்ரான் அளவே நீக்கும். ஒற்றை மயிரிழையில் வரிசையாகப் பள்ளம் வெட்டிக் காட்டிய அவர்களது படம் புகழ்பெற்றது. உடனுழைத்தவர் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்போர். 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிராக்கல் இதனைக் கார்னியாவுக்குக் கொண்டுவந்தார். 1988இல் மார்கரெட் மெக்டொனால்ட் பார்வையுள்ள கண்ணில் முதன்முதல் செய்தார். 2013இல் சீனிவாசனுக்கும் தோழர் இருவருக்கும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அணிவித்தார். லேசருக்குச் 'சீரொளி' என்று நாம் தமிழ்ச்சொல் படைத்தோம். அதைக் கண்ணுக்குப் பழக்கியவருள் ஒருவர் நம் ஊர்க்காரர் என்பதைப் பாடத்தில் சேர்க்க மறந்தோம்.

இனி மாணவர் கேட்ட வகைகள். மூத்தது பி.ஆர்.கே. கார்னியாவின் மேல்தோலை மட்டும் அகற்றி, வெளிப்பட்ட பரப்பில் லேசரைச் செலுத்துவர். தோல் மீண்டும் வளரும்வரை மூன்று நான்கு நாள் வலியும் கூச்சமும் உண்டு. பார்வை தெளியச் சில வாரங்கள் ஆகும். பொறுமையில்லாதார் இதனை வெறுப்பர். ஆனால் படலத்தில் மடல் வெட்டுவதில்லை. ஆகவே அடியும் மோதலும் மிகுந்த தொழிலில் இருப்போர்க்கும் படலம் சற்று மெலிந்தோர்க்கும் மருத்துவர் இதனையே எண்ணிப் பார்ப்பர். பழையது என்பதால் தாழ்ந்ததன்று.

லாசிக் என்னும் பெயரை வழங்கியவர் கிரீட் தீவைச் சேர்ந்த பல்லிகாரிஸ், 1990ஆம் ஆண்டையொட்டி. இதில் கார்னியாவின் மேலடுக்கில் நூறு மைக்ரானுக்குச் சற்று மேலான தடிப்பில் ஒரு மடலை வெட்டிப் புத்தகத்தின் அட்டையைப் போல் திறந்து, உள்ளே லேசரைச் செலுத்தி, மீண்டும் மூடிவிடுவர். மறுநாளே பார்வை தெளியும். இதன் புகழுக்கு அதுவே காரணம். மடலை முன்பு நுண்ணிய கத்தியால் வெட்டினர். இப்போது பெம்டோ நொடி லேசராலும் வெட்டுகின்றனர். நொடியைக் கோடியால் வகுத்து, அதனை மறுபடியும் கோடியால் வகுத்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கே பெம்டோ நொடி. இத்தகைய குறுந்துடிப்புகளை வலிமையாக்கும் வழி கண்ட ஜெரார் மூரூ, டோனா ஸ்டிரிக்லண்ட் இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

மூன்றாவது ஸ்மைல். மடலே இல்லை. கார்னியாவின் உள்ளேயே பெம்டோ லேசரால் ஒரு மெல்லிய வில்லையை வடித்து, சில மில்லிமீட்டர் துளை வழியே உருவி எடுத்துவிடுவர். அமெரிக்க அரசு 2016இல் இதற்கு ஒப்புதல் தந்தது. கண் உலர்வு இதில் சற்றுக் குறைவு என்பர். இவை எவையும் பொருந்தாத கண்ணுக்கு ஐ.சி.எல். உண்டு, அது லேசரன்று, கண்ணுக்குள் இயற்கை வில்லைக்கு முன்னே ஒரு செயற்கை வில்லையைப் பொருத்துவது. பவர் மிக மிகுந்தோர்க்கும் படலம் போதாதோர்க்கும் அது வழி.

எந்த முறையாயினும் பதினெட்டு வயதாவது நிரம்பியிருத்தல் வேண்டும்; பவர் ஓராண்டேனும் மாறாதிருத்தல் வேண்டும். அதன் பின் சில மாதங்கள் கண் உலரும்; இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம்; பெரும்பாலோர்க்கு மறையும், சிலர்க்கு எஞ்சும். முதல் சில நாள்கள் கண்ணில் தண்ணீர் படலாகாது என்பதால் ஒளுவுக்கு என்ன செய்வது என்று எம்மிடம் ஒரு பெரியவர் கேட்டார்; நோயாளிக்கு மார்க்கம் தரும் சலுகைகளை ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்றோம். காவல்துறை, இராணுவப் பணி நாடும் மாணவர், அப்பணிக்குரிய அறிவிக்கையின் கண் விதிகளைப் படிக்காமல் கண்ணைத் தொடவிட வேண்டா.

இவ்வளவும் படித்தபின் சென்னையில் வேறொரு மருத்துவமனைக்குச் சென்றோம். பிற்பகல் முழுதும் சோதனை நடந்தது. கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள். கண்ணீரின் அளவை ஒரு சிறு காகிதப் பட்டையால் அளந்தார்கள். கார்னியாவின் மேடு பள்ளங்களை நிலப்படம் போல் வண்ணத்தில் எடுத்தார்கள். மாலையில் மருத்துவ அம்மையார் அப்படத்தைத் திரையில் வைத்தார்கள். பச்சையும் மஞ்சளுமாக இருந்த வட்டத்தின் கீழ்ப்பகுதியில் செம்மை படர்ந்திருந்தது.

"கணக்குப்படி லாசிக் செய்யலாம்" என்று தொடங்கினார்கள். "478இல் மடலுக்கு 110, ஒரு பவருக்குச் சுமார் 12 வீதம் ஆறுக்கு 72. மீதி 296. 250க்குக் கீழே போகக்கூடாது, அவ்வளவுதான். ஆனா இந்த வடிவம் எனக்குப் பிடிக்கல. கீழ்ப்பகுதி செங்குத்தா இருக்கு. இது கூம்புக் கார்னியாவோட தொடக்கமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அப்படி இருந்து அதுல லேசரும் பட்டா, படலம் பலம் இழந்து முன்னுக்குத் தள்ளிடும். அப்புறம் கண்ணாடி போட்டாலும் பார்வை சரியா வராது."

பிறகு மகளிடம், "கண்ணைக் கசக்குவீங்களா?" என்று கேட்டார்கள். சிறுவயது முதல் தூசு ஒவ்வாமை, கசக்குவாள். கசக்குவதே இப்படலத்தை மெலிவிக்கும் என்பது எமக்கு அன்றுதான் தெரியும். அடுத்து வந்த வினாவுக்கு யாம் ஆயத்தமாக இல்லை.

"இதைச் செய்துக்கணும்னு யாருக்கு விருப்பம்? உங்களுக்கா?"

மகள் விடை சொல்லவில்லை. எம் முகத்தைப் பார்த்தாள். மருந்து விட்ட கண், கண்ணாடியும் இல்லை. அவளுக்கு எம் முகம் ஒரு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். எமக்கு அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

இப்போதைக்கு எந்த லேசரும் வேண்டாம் என்று முடிந்தது. கசக்கக்கூடாது, ஒவ்வாமைக்குச் சொட்டு மருந்து, ஓராண்டு கழித்து மீண்டும் படம். வடிவம் மாறிவந்தால் ரிபோபிளேவின் மருந்தும் புறஊதா ஒளியும் கொண்டு படலத்தை இறுக்கும் சிகிச்சை உண்டு; மாறாதிருந்து அவளே விரும்பினால் ஐ.சி.எல். பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்றார்கள்.

வந்தது வந்தோம் என்று எம் கண்ணையும் காட்டியிருந்தோம். எம் படலம் 556; வடிவம் ஒழுங்கு; எந்த முறைக்கும் தகுதி. வேண்டியவளுக்கு இல்லாத தகுதி வேண்டாதவனுக்கு வாய்த்திருந்தது. அம்மையார் சிரித்து, "நீங்க படிக்கும்போது என்ன செய்வீங்க?" என்று கேட்டார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்போம் என்றோம். "லேசர் செய்தா அது போயிடும். தூரம் தெரியும், படிக்கக் கண்ணாடி வேணும்" என்றார்கள். நாற்பதைக் கடந்தார்க்கு வரும் வெள்ளெழுத்து கண்ணின் உள்வில்லை இறுகுவதால் நேர்வது. கார்னியாவைச் செதுக்கி அதனைப் போக்க இயலாது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைக்கும் ஏற்பாடும் உண்டாம். தொடுவில்லையால் முதலில் பழகிப் பார்க்கச் சொல்வார்களாம். மைனஸ் மூன்றரைக் கண்ணுக்குக் கண்ணாடியின்றித் தெளிவாகத் தெரியும் தொலைவு ஒரு சாணுக்குச் சற்று மேல். எம் எம்.ஃபில். ஆய்வு முழுதும் அந்தத் தொலைவில்தான் நடந்தது. கல்லச்சில் அடித்த அரபுத்தமிழ் ஏடுகளில் ஒரு புள்ளி மேலே ஏறினால் ஓர் எழுத்து, கீழே இறங்கினால் வேறோர் எழுத்து. அப்புள்ளியும் சிலவிடத்துப் பூச்சி அரித்த துளையாக இருக்கும். அதனைப் பிரித்தறிய எம் குறைக்கண்ணே எமக்கு உதவியது. வேண்டாம் என்று எழுந்துவந்தோம்.

திரும்பி வரும் வழியில் மகள் பேசினாள். "அத்தா, நான் லேசரே கேக்கல. அந்தப் படத்தைத் திருப்பி வாங்கிடுங்கன்னுதான் சொல்ல நினைச்சேன்."

மறுநாள் இடையில் நின்றவரைத் தொலைபேசியில் அழைத்து, பெண்ணுக்கு மைனஸ் ஆறு, கண்ணாடி உண்டு, லேசர் இல்லை, முதலில் மறைத்தது எம் தவறு என்று சொன்னோம். "சரி பாய், சொல்றேன்" என்றார். அதன்பின் அழைப்பு வரவில்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை; எமக்கும் அது எளிதாக வரவில்லை. கண்ணாடியோடு ஒரு படம் எடுத்துக்கொள் என்று மட்டும் சொன்னோம். "எடுத்தாச்சு அத்தா" என்றாள். ஓராண்டு கழித்து மீண்டும் எடுத்த கார்னியாப் படத்தில் மாற்றம் இல்லை. கசக்குவதை விட்டுவிட்டாள்.

இவ்வாண்டு பிறை பார்க்கச் சிறுசேரியில் எம் வீட்டு மாடியில் ஏறினோம். பனை இருந்த இடத்தில் கட்டடங்கள். மகள்தான் முதலில் கண்டு, "அந்தக் கிரேனுக்கு வலப்பக்கம், அத்தா" என்றாள். கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தோம். நகக்கீறல் போல் மெலிந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சிறுவன் குதித்துக்கொண்டு, "நானும் பார்த்துட்டேன்" என்றான். மகள் அவனருகே குந்தி அமர்ந்து, "எங்க இருக்கு, கைய நீட்டிக் காட்டு" என்றாள். அவன் நீட்டிய விரல் ஓர் உயர்ந்த கட்டடத்தின் உச்சியிலிருந்த சிவப்பு விளக்கைக் காட்டியது.

பெருநாள் தொழுகை முடிந்து முஸாபஹா செய்துகொண்டபோது அவன் அத்தாவிடம் எழும்பூர் மருத்துவமனைக்குப் போகும் வழியை எழுதிக் கொடுத்தோம்.